ஷோகேஸில் 14 சென்டிமீட்டர்

2024 மே 2, வியாழன்

மாவுக்கட்டுக்குள் அரிப்பு தொடங்கிவிட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, என் தலைமாட்டிலிருந்து நான்கடி தூரத்தில், டிவி ஷோகேஸுக்குள் உட்கார்ந்திருக்கும் பழைய கம்ப்யூட்டர். மகள் 4கே காணொளி ஒன்றைப் போட்ட அரை நிமிடத்தில் அதன் ஃபேன், கிரைண்டரில் உளுந்து போட்டதைப் போல இரையத் தொடங்கியது. அதில் இருப்பது 2012ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ஐ5 பிராசசர். இன்றைய 4கே காணொளிகள் வரும் விபி9, ஹெச்.265 வடிவங்களைப் பிரித்துக் காட்டுவதற்கான தனிச் சுற்று அதற்குள் இல்லாததால், பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகளான நான்கு கோர்களும் முட்டி மோதி அந்த வேலையைச் செய்கின்றன. மாடி அறையில் இருந்தவரை அதன் இரைச்சலை யாரும் பொருட்படுத்தியதில்லை. இப்போது நானும் அதுவும் ஒரே ஹாலில் கிடக்கிறோம்.

மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எந்தப் பிராசசர் என்பது ஒன்றுதான் பாக்கி.

மே 3, வெள்ளி

புத்தூருக்கே போய்க் காலுக்கு நாட்டுக் கட்டுக் கட்டியிருந்தால் இந்நேரம் நடந்திருப்பாய் என்று அம்மா இன்று இரண்டு முறை சொன்னார்.

மே 4, சனி

கத்திரி இன்று தொடங்குவதாக நாட்காட்டியில் போட்டிருக்கிறது. சத்துவாச்சாரியில் இருப்பவர்களுக்கு அதை நாட்காட்டி சொல்ல வேண்டியதில்லை. வேலூரைப் பழிக்கும் பழைய வசையில் 'மரமில்லா மலை' என்பதும் ஒன்று. அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு நெடுநேரம் வரை ஊருக்குள் ஊதிக்கொண்டிருக்கின்றன. ஹாலில் மாட்டியிருக்கும் வெப்பமானி இரவு எட்டு மணிக்கு 36 டிகிரி காட்டியது.

அதைப் பார்த்த பிறகுதான், ஒரு வாரமாக நான் வாசித்துக்கொண்டிருக்கும் சோதனை அட்டவணைகளில் என்ன இடிக்கிறது என்பது பிடிபட்டது. அவையெல்லாம் இருபதும் இருபத்தைந்துமாகக் குளிர்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. வெப்பத்தை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்கும் ஃபேனும் எவ்வளவு முயன்றாலும் பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறும் என்பது மட்டுமே அவற்றின் கையில் இருக்கிறது. அங்கே 70 டிகிரியில் அமைதியாக ஓடுவது இங்கே 85ஐத் தொட்டு நிற்கும். நான் யோசித்துக்கொண்டிருக்கும் ஏஎம்டி பிராசசர்களான 5600ஜி, 8600ஜி இரண்டுக்கும் உச்சவரம்பு 95 டிகிரி. எரிந்துவிடுமோ என்று நான் அஞ்சவில்லை, வரம்பை நெருங்கினால் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு முன்னால் ஃபேன் கத்தும் என்பதுதான் என் அச்சம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது எத்தனை வாட் என்பதை. வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மே 5, ஞாயிறு

மகள் பள்ளி ஸ்கேலை வைத்து ஷோகேஸை மூன்று முறை அளந்தாள். உயரம் 14 சென்டிமீட்டர். அகலத்துக்குக் குறைவில்லை. கல் பலகையை உடைத்துப் பெரிதாக்கலாமா என்று நான் கேட்டதற்கு மனைவி பதிலே சொல்லவில்லை.

இந்த 14 சென்டிமீட்டர்தான் பாதி வழக்கைத் தீர்த்துவைத்தது. படுக்கவைக்கும் ஒல்லியான கேபினெட் மட்டுமே உள்ளே நுழையும், அதற்குள் அரை உயரக் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே பொருந்தும். அந்த வகையில் ஆர்எக்ஸ் 6400 நினைவுக்கு வந்தது: 53 வாட், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி மின்கம்பி வேண்டாம். ஒரு மணிநேரம் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு வாசித்தால், ஏவி1 என்ற புதிய காணொளி வடிவத்தைப் பிரிக்க அந்தக் கார்டுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு அது மதர்போர்டோடு பிசிஐஇ என்ற தரவுப் பாதையின் நான்கே தடங்களில் பேசுகிறது. மூன்றாம் தலைமுறைத் தடங்களை மட்டுமே தரும் 5600ஜியோடு அதைச் சேர்த்தால் அந்த நான்கின் வேகமும் பாதியாகிவிடும். இன்டெல் கோர் ஐ3 12100 என்றால் தடச் சிக்கல் இல்லை, அந்தப் பிராசசருக்குள்ளேயே இருக்கும் உள் கிராபிக்ஸுக்கு ஏவி1 தெரியும். ஆனால் டிவி கம்பியைக் கார்டில் செருகிவிட்டு, காணொளியை வேறோர் இடத்தில் பிரித்துத் தருமாறு மென்பொருளிடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 12100எஃப் வாங்கிவிட்டால் அந்த உள் கிராபிக்ஸும் கிடையாது. எஃப் என்ற எழுத்துக்கு அதுதான் பொருள்.

கார்டு வேண்டாம். படம், விளையாட்டு இரண்டையும் ஒரே பிராசசர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டிக்குள் இரண்டு அடுப்பு எதற்கு?

மே 7, செவ்வாய்

ஏவி1 பற்றியே நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உரிமத்தொகை இல்லாத இந்தக் காணொளி வடிவம் 2018இல் வெளியானது. இன்டெல் தன் 11ஆம் தலைமுறையிலிருந்து அதற்கான சுற்றைப் பிராசசருக்குள்ளேயே வைத்திருக்கிறது. 5600ஜி வெளிவந்தது 2021இல்தான் என்றாலும், அதனுள் இருக்கும் கிராபிக்ஸ் 2017இல் அறிமுகமான வேகா குடும்பத்தைச் சேர்ந்தது. விபி9 தெரியும், ஹெச்.265 தெரியும், ஏவி1 தெரியாது. புது வீட்டுக்குப் பழைய கதவைப் பொருத்தியதைப் போன்ற கதை அது. யூடியூப் இன்னும் 4கே காணொளிகளை விபி9இலும் தருவதால் இன்றைக்குச் சிக்கல் இல்லை. ஏவி1 மட்டுமே கிடைக்கும் இடத்திலும் டேவ்1டி என்ற மென்பொருள் ஆறு கோர்களைக் கொண்டு பிரித்துவிடும். 1080பி அளவில் அதற்கு அதிகம் மூச்சு வாங்காது. 4கே என்றால் வாட் ஏறும், ஃபேன் சுழலும், நான் விழித்துக்கொள்வேன்.

இந்த வருடம் ஜனவரியில் வந்த 8600ஜியில் ஏவி1ஐப் பிரிக்கவும் பதியவும் தனிச் சுற்று இருக்கிறது. விலை 5600ஜியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மதர்போர்டும் ரேமும் புதிய வகை என்பதால் அவையும் சேர்ந்து ஏறும்.

மே 8, புதன்

தூக்கமில்லை. 5600ஜியே போதும்.

மே 9, வியாழன்

போதாது.

மே 11, சனி

காட்பாடியிலிருந்து மச்சான் நுங்கு வாங்கிக்கொண்டு வந்தான். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் மாமா, ஒரு கேம் கன்சோல் வாங்கிப் போட்டா வேலை முடிஞ்சிடுமே?" என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் மகளின் பள்ளி வேலை, மனைவியின் கணக்கு, அம்மாவுக்காக நான் பதிந்து வைத்திருக்கும் கச்சேரிகள், பத்து வருடப் புகைப்படங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. கன்சோல் வந்தாலும் பழையது அங்கேயே உட்கார்ந்து இரையும். இதைச் சொன்னபோது அவன் தலையாட்டினான். ஒப்புக்கொண்டானா, உடல்நிலை சரியில்லாதவனிடம் எதற்கு வாதம் என்று விட்டுவிட்டானா என்பது தெரியவில்லை.

ரேமைப் பற்றி மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். உள் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது, பிராசசரின் ரேமையே அதுவும் பங்கிட்டுக்கொள்கிறது. தெருக்குழாய் ஒன்றில் இரண்டு வீட்டார் குடம் வைப்பதைப் போன்றது அது. 3200 வேக டிடிஆர்4 வகை ரேம் துண்டு ஒன்றை மட்டும் மாட்டினால் நொடிக்கு 25.6 ஜிபி பாயும். அதையே இரண்டாக மாட்டினால் 51.2. டிடிஆர்5 6000இல் இரண்டு போட்டால் 96. விளையாட்டில் படம் திக்கித் திணறுவதற்குப் பல வீடுகளில் காரணம் பிராசசரே அல்ல, 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்கி மாட்டியிருப்பதுதான். எட்டும் எட்டுமாக இரண்டு துண்டு வாங்க வேண்டும் என்று அவனை இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தேன்.

நுங்கு நன்றாக இருந்தது.

மே 14, செவ்வாய்

பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்திய மின்சாரம் மாலை ஐந்துக்குத்தான் வந்தது. இன்வெர்ட்டரில் ஹால் ஃபேனும் ஒரு விளக்கும் மட்டும் ஓடின. அந்த எட்டு மணிநேரமும் வாட் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

65 வாட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஏஎம்டி பிராசசர் உண்மையில் 88 வாட் வரை இழுத்துக்கொள்ள அனுமதி பெற்றது. 65 வாட் என்று போட்டிருக்கும் இன்டெல் ஐ5 12400இன் உச்சமோ 117. அச்சிட்ட எண்ணை நம்பி ஹீட்சிங்க் வாங்குபவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் 8600ஜியை, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய் 45 வாட் நிலைக்கு இறக்கிவிடலாம். அப்போது உச்சம் 61 வாட்டோடு நின்றுவிடும். கடைசி இருபத்தைந்து வாட் பெரும்பாலும் வெப்பமாகத்தான் போகிறது, வேகத்தில் இழப்பது சொற்பம். இன்வெர்ட்டரும் அதைத் தாங்கும். அதன் பின்புறப் பொத்தானை யுபிஎஸ் நிலையில் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் போகும் அந்தக் கணத்தில் கம்ப்யூட்டர் அணைந்து எழும்.

மாலையில் வலி அதிகம்.

மே 16, வியாழன்

மழை. வெப்பமானி 29 காட்டியது. குளிர்ந்ததும் ஆசை கிளம்பிவிட்டது.

8700ஜி வாங்கினால் என்ன? எட்டு கோர்கள், கிராபிக்ஸில் 12 அலகுகள். 8600ஜியில் ஆறு கோர்களும் எட்டு அலகுகளும்தான். கையில் கட்டோடு படுத்திருப்பவர் யாரிடமும் எண்களைக் காட்டக்கூடாது. (காலில்தான் கட்டு, எழுதும்போதுகூட மனம் எங்கோ இருக்கிறது.) அலகுகள் ஒன்றரை மடங்கு என்றால் வேகமும் ஒன்றரை மடங்கு என்றுதான் முதலில் கணக்குப் போட்டேன். அப்படி ஆகாது, குழாய் அதேதான். ரேமிலிருந்து வரும் 96 ஜிபியையே கூடுதலான நான்கு அலகுகளும் பங்கு கேட்கும்.

டிவி 4கே என்பதும் என்னைத் தவறான பக்கம் இழுக்கிறது. 4கே திரையில் 83 லட்சம் புள்ளிகள். 1080பியில் 21 லட்சம். எந்த உள் கிராபிக்ஸும் புதிய விளையாட்டுகளை 83 லட்சம் புள்ளிகளில் ஓட்டப்போவதில்லை. 1080பியில் ஓட்டினால் ஒவ்வொரு புள்ளியும் திரையில் சரியாக நான்காக விரியும். எட்டடி தள்ளி உட்கார்ந்து கார் ஓட்டும் பதினொரு வயதுக்காரிக்கு அது போதும். போதாது என்று சொல்பவன் நான் ஒருவன்தான், நான் விளையாடுவதே இல்லை.

மே 17, வெள்ளி

மீண்டும் வெயில். 8700ஜி வேண்டாம்.

மே 19, ஞாயிறு

இன்று வாசித்தது சிரிக்கவும் கவலைப்படவும் வைத்தது. 8600ஜி, 8700ஜி இரண்டும் வெளியான புதிதில், விளையாடத் தொடங்கிச் சில நிமிடங்களில் வேகத்தைத் தாமாகவே குறைத்துக்கொண்டன. இவற்றின் மூலம் மடிக்கணினிச் சில்லு. மடியில் வைத்திருப்பவரின் தோல் சுடாமல் இருக்க வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்டாப்எம் என்ற ஏற்பாட்டை நீக்காமலேயே மேசைக் கணினிக்கு அனுப்பிவிட்டார்கள். மடியே இல்லாத பெட்டிக்கு மடிச்சூட்டுக் கவலை. ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு பயாஸ் அப்டேட் மூலம் சரிசெய்துவிட்டது. ஆனால் கடை அலமாரியில் பல மாதமாகக் கிடந்த மதர்போர்டில் பழைய பயாஸ் இருந்தால், இந்தப் பிராசசரை அது அடையாளம் கண்டு எழுவதே சந்தேகம். ஆகவே அப்டேட் செய்து வாங்க வேண்டும். அல்லது பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் உள்ள போர்டாகப் பார்க்க வேண்டும்.

5600ஜியில் இந்தக் கவலை ஒன்றும் இல்லை என்று மனம் மறுபடியும் ஆரம்பிக்கிறது.

மே 21, செவ்வாய்

மச்சானிடம் ஃபோனில் சொல்லி எழுதவைத்தேன். 8600ஜி. அதோடு பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் 54 மில்லிமீட்டர் உயரம்தான் என்பதால் ஒல்லிக் கேபினெட்டுக்குள் அடங்கும், வேறு கூலர் வாங்க வேண்டாம். பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள 8600ஜி பொருந்தும் ஏஎம்5 வகைச் சிறிய போர்டு. ரேம், எட்டு ஜிபி துண்டு இரண்டு. பணம் போதாமல் ஐயாயிரம் குறைந்தது. மனைவி தன் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தாள். 5600ஜி எடுத்திருந்தால் கேட்டிருக்க வேண்டியதில்லை என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மே 24, வெள்ளி

மச்சான் காலை ரயிலில் சென்னைக்குப் போய், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இரவு ஒன்பதரைக்குக் காட்பாடியில் இறங்கி நேராக இங்கே வந்தான். சட்டை முழுவதும் நனைந்திருந்தது. கடைக்காரர் பயாஸைத் தன் கண்ணெதிரே அப்டேட் செய்ததாகச் சொன்னான். பிராசசர் பெட்டியின் சின்னச் சன்னல் வழியாக அந்த வெள்ளித் தகடு தெரிந்தது. மகள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு தரவே இல்லை.

கடைசியாகப் பைக்குள்ளிருந்து ரேமை எடுத்தான். 16 ஜிபி, ஒரே துண்டு.

பில்லில் எட்டு எட்டாக இரண்டு என்றுதான் போட்டிருக்கிறது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குப் பேச வாய் வரவில்லை. சாப்பிடச் சொன்னேன்.

மே 25, சனி

இப்போதைக்கு இதையே மாட்டிப் பார்த்துவிடலாம் என்கிறான். வேண்டாம் என்றேன். பிறகு சரி என்றேன்.

மே 27, திங்கள்

ஓடுகிறது. 45 வாட்டில் வைத்தாயிற்று. ஹாலில் 35 டிகிரி, 4கே படம் முக்கால் மணிநேரம் ஓடிய பிறகு பிராசசர் 58. கூரையில் சுற்றும் ஃபேனை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தால்தான் ஏதோ மூச்சு விடுவதைப் போலக் கேட்கிறது. அம்மா அருகில் வந்து நின்று, இன்னும் போடவில்லையா என்று கேட்டார்.

கார் விளையாட்டு வளைவுகளில் திக்குகிறது. சரியான ரேமைக் கூரியரில் அனுப்புவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எந்த வேகம் என்பதை மச்சான் கேட்க மறந்துவிட்டான். 6000தானா என்று நாளை காலை, கட்டுப் பிரிக்கக் கிளம்புவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.