‘விலுக்கப் வரல’ என்றால் நான் என்ன செய்ய?

கிண்டி எஸ்டேட் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எக்ஸல் நன்றாகத் தெரியும் என்று ஒரு தடவை காட்டிக்கொண்டாலே போதும், அப்புறம் ஆபீஸில் யாருக்கு எது ஓடவில்லை என்றாலும் நம் தலையில்தான் விடியும். மாசக் கடைசியில் வாட்ஸ்அப்பில் “அண்ணா” என்று ஒரு மெசேஜ் வரும். நான் “சொல்லுங்க” என்று போட்டு, அவர் டீ குடித்துவிட்டு வந்து டைப் பண்ணுவது: “விலுக்கப் வரல, அர்ஜென்ட்.” விலுக்கப் (VLOOKUP) என்பது ஒரு ஷீட்டில் இருப்பதை இன்னொரு ஷீட்டில் தேடி, அதற்கு நேரே உள்ள விவரத்தை எடுத்துத் தரும் எக்ஸல் ஃபார்முலா.

வரலைன்னா? ஃபார்முலாவையே ஏற்கவில்லையா, தப்பான தொகை வருகிறதா, தேடியது கிடைக்கவில்லை என்று என்/ஏ (#N/A) காட்டி நிற்கிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. விடை எட்டு வகை என்கிறது நன்னூல். அதில் ஒன்று கேள்விக்குக் கேள்வியையே பதிலாகச் சொல்வது: “வருவாயா?” என்றால் “வராமல் இருப்பேனா?” அங்கே அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கும். நான் திருப்பிக் கேட்கும் “எந்த ஷீட்? எந்த வரி?”யில் பதிலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, இரண்டு பேருக்கும் நேரம்தான் போகிறது.

அதே விஷயத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அண்ணா, 4471 என்கிற பில் நம்பர் ரெண்டு ஷீட்லயும் இருக்கு, ஆனா விலுக்கப் போட்டா என்/ஏ வருது. ஒரு ஷீட்ல மட்டும் நம்பரெல்லாம் இடது பக்கம் ஒட்டிக்கிட்டு, மூலையில சின்னதா பச்சை முக்கோணம் தெரியுது.” முடிந்தது. அந்த ஷீட்டில் எண்கள் எழுத்தாகப் பதிவாகியிருக்கின்றன, செலக்ட் பண்ணி பக்கத்தில் வரும் மஞ்சள் குறியைத் தட்டி எண்ணாக மாற்றினால் சரியாகிவிடும். ஒரே வரியில் பதில். கேட்டவருக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கண்ணில் பட்டதைச் சொன்னாலே போதும்.

இதைவிடப் படுத்துவது, பாதி வழியைத் தானே முடிவு பண்ணிவிட்டு மீதியை மட்டும் கேட்பது. “செல்லில் கடைசி ஆறு எழுத்தை எடுக்க என்ன ஃபார்முலா?” என்று ஒருவர் கேட்டார், ரைட் (RIGHT) ஃபார்முலா போடுங்கள் என்று சொன்னேன். சாயங்காலம் திரும்ப வந்து தப்பு தப்பாக வருகிறது என்கிறார். பார்த்தால் அவருக்கு வேண்டியது கூரியருக்கு பின்கோடு. சில முகவரிகளில் 600032 என்றும், சிலவற்றில் நடுவில் இடம் விட்டு 600 032 என்றும் இருக்கிறது, இரண்டாவதில் கடைசி ஆறை வெட்டினால் முதல் 6 போய்விடும். பின்கோடு வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், சப்ஸ்டிட்யூட் (SUBSTITUTE) ஃபார்முலா போட்டு இடைவெளியை எடுத்துவிட்டு வெட்டுங்கள் என்று காலையிலேயே சொல்லியிருப்பேன்.

நீளமாகக் கேட்டால் தொந்தரவு என்று நினைக்கிறார்கள், இல்லையென்றால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம். எனக்கென்னவோ நாலு வரி மெசேஜ்தான் மரியாதையாகப் படுகிறது. போட்டோ அனுப்புவதும் நல்லதுதான், ஆனால் ட்யூப்லைட் வெளிச்சம் அடிக்க, மானிட்டரைக் கோணலாக எடுத்து, ஃபார்முலா இருக்கும் மேல் வரியை மட்டும் விட்டுவிட்டு அனுப்பினால் அதில் நான் என்னத்தைப் பார்ப்பது?

இன்னொன்று. வேலை முடிந்ததும் “ஓகே ஆயிடுச்சு அண்ணா” என்று மட்டும் போடாமல், எதைச் செய்ததில் ஓகே ஆனது என்றும் ஒரு வரி போடுங்கள், அடுத்த மாசம் வேறொருவர் கேட்கும்போது அதை அப்படியே ஃபார்வர்ட் பண்ணிவிடுவேன்.