சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

சென்ற மாதம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டாத நிலையில், காருக்குள் எண்ணெய் கருகும் வாடை வந்தது. ஓடும்போது அவ்வளவாகத் தெரியவில்லை. எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டு நின்றதும் குப்பென்று ஏறியது. ஏசியை வெளிக்காற்று வராத நிலைக்கு மாற்றியதும் குறைந்ததால், வாடை பானட்டுக்கு அடியிலிருந்து, முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துளைகள் வழியாகத்தான் வருகிறது என்பது உறுதியாயிற்று. அங்கேயே ஓரங்கட்டி ஆயில் கேஜை உருவிப் பார்த்தேன். அளவு கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே இருந்ததால் ஓட்ட முடிந்தது.

ஊர் திரும்பியதும் காட்டிய பணிமனையில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, எஞ்சினின் சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். சீலின் விலை சொற்பம், கூலிதான் பெரிது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சீலில் கசியும் எண்ணெய் நேரே தரையில் விழும். கருக வேண்டுமானால் அது, எஞ்சினின் சூடான புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டில் பட வேண்டும், எங்கள் வண்டியில் அது எஞ்சினின் பின்புறம், மேற்பகுதியில் இருக்கிறது.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீக்ரீசர் தெளித்துத் துடைத்தேன். பழைய அழுக்கின் மேல் கசிவைத் தேடுவது வீண்வேலை. 20 கிலோமீட்டர் ஓட்டிவந்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தேன். ஈரம் தென்படும் மிக உயரமான இடத்தில்தான் கசிவு தொடங்குகிறது. அதற்குக் கீழே தெரிவதெல்லாம் வழிந்து வந்ததும், ஓட்டத்தில் காற்று பின்னே தள்ளியதும்தான். எஞ்சினின் உச்சியை மூடும் டேப்பட் கவரின் பின்விளிம்பில், கியர்பாக்ஸ் பக்க மூலையில், விரல் மட்டுமே நுழையும் இடுக்கில் வெள்ளைத் துணியை விட்டு எடுத்தபோது கரும்பழுப்பாக ஒரு கோடு படிந்திருந்தது. மலையேறும்போது வண்டி பின்சாய்வதால், எண்ணெய் அந்த விளிம்பில்தான் தேங்கியிருக்கும்.

அந்தக் கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கைக் கழற்றியபோது, அதில் ரப்பரின் இளக்கமே இல்லை. வளைத்ததும் காய்ந்த முருங்கைக் குச்சியாய் ஒடிந்தது. அதை மட்டும் மாற்றினால் போதாது. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருந்தால், எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் புதிய பேக்கிங்கையும் கசிய வைத்துவிடும். எங்கள் வால்வைக் குலுக்கியபோது உள்ளே சத்தமே எழவில்லை, அடைத்துக்கொண்டதன் அடையாளம் அது. அதையும் மாற்றினோம். சைலன்சரில் நீலப்புகை வந்திருந்தால் கதை வேறு, எண்ணெய் எஞ்சினுக்குள்ளேயே எரிகிறது என்று பொருள், பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்த்திருக்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக அதில் ஒரு சொட்டும் விழவில்லை.