நாலரை மணி அலாரம்

மூணு வருஷமா என் மகளை விடியற்காலை நாலரைக்கு எழுப்பிட்டிருந்தேன். "காலையில படிச்சாதான் மனசுல பதியும்"னு என் அப்பா சொன்னார்; நானும் யோசிக்காம அவகிட்ட அதையே சொன்னேன்.

போன மாசம் ஒருநாள் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரமா அதே பக்கம். அடிக்கோடு போட்ட பென்சில் வரியை விட்டு வழுக்கி ஓரம் வரைக்கும் போயிருந்தது. கண் என்னவோ திறந்துதான் இருந்தது. எனக்கு மனசே ஆறல.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். பருவ வயசுல உடம்போட கடிகாரமே தள்ளிப்போகுது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்துற மெலடோனின்ங்கிற ஹார்மோன் ராத்திரி தாமதமாத்தான் சுரக்குது. பத்து மணிக்குப் படுத்தும் அவ புரண்டுட்டே இருந்தது சோம்பலும் இல்ல, அடமும் இல்ல. 13 முதல் 18 வயசு வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேணும். படிச்சது மனசுல நிலைக்க அந்தத் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நான் அதைத்தான் பிடுங்கியிருக்கேன்.

திரும்பத் திரும்ப வாசிக்கிறதும் இப்படித்தான். 2006ல ரோடிகர், கார்பிக்ங்கிற ரெண்டு உளவியலாளர்கள் செஞ்ச ஆய்வுல, மறுபடி வாசிச்சவங்களைவிட, பார்க்காம ஞாபகத்துலேர்ந்து எழுதினவங்களுக்குத்தான் ஒரு வாரம் கழிச்சு அதிகம் நினைவிருந்தது. அஞ்சே நிமிஷத்துல கேட்டப்போ மட்டும் நிலைமை தலைகீழ். அந்த அஞ்சு நிமிஷத்தை நம்பித்தான் நாம ஏமாந்துட்டோம்.

இப்ப அலாரம் ஆறரைக்கு. சாயங்காலம் புத்தகத்தை மூடி வெச்சுட்டு எனக்குப் பாடம் நடத்துறா. நேத்து ஒளிச்சேர்க்கை. பாதியில நின்னுட்டா.

"இருப்பா, இது எனக்குப் புரியலைன்னே இப்பதான் தெரியுது."