மூன்றரை மணி வெளிச்சம்

அக்டோபர் 7, செவ்வாய்

விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி அப்பாவை டயாலிசிஸுக்கு, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வதற்கு, கூட்டிப்போகும் வழி. அந்தப் பள்ளத்தை நான் பார்க்கவே இல்லை. வண்டி இறங்கி ஏறிய பிறகுதான் பள்ளம் என்று தெரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த அப்பா சத்தம் போடவில்லை. வலது கையால் இடது கையை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். ஓரமாக நிறுத்தி, டயாலிசிஸ் ஊசி ஏறும் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தேன். ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் அங்கே தோலுக்கடியில் அதிர்வு தெரியும். அதிர்வு இருந்தது. அதற்குப் பிறகு நாற்பதுக்கு மேல் போகவில்லை.

டயாலிசிஸ் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்த நாலு மணி நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபதில் போனால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போகவே ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். அப்புறம் வண்டி நிற்க வேண்டும். என் லைட் டிம்மில் எவ்வளவு தூரம் காட்டுகிறது? இருபத்தைந்து மீட்டர் இருந்தால் அதிகம். அப்படியென்றால் எதையும் நான் பார்க்கும்போதே காரியம் முடிந்துவிட்டது. பிக்கப் வண்டிக்குக் கம்பெனி லைட் இப்படித்தான் என்று நினைத்து இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். பகலில் லோடு ஓட்டும்போது அது உறைக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

ராத்திரி லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் கறை மாதிரி இரண்டு வட்டம். இடதும் வலதும் ஒரே உயரத்தில் இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

போன டயாலிசிஸுக்குப் பிறகு அப்பாவின் எடை 2.9 கிலோ கூடியிருக்கிறது. தண்ணீரே குடிக்கவில்லை என்கிறார்.

அக்டோபர் 10, வெள்ளி

எல்ஈடி பல்பு மாட்டிவிட்டேன். தெரிந்த ஓட்டுநர் ஒருவர் சொன்னார், பழையதைக் கழற்றி இதைச் செருகினால் போதும், வேறு வேலையே இல்லை என்று. உண்மையில் பத்து நிமிடம்தான் ஆனது. சுவர் முழுக்க வெள்ளை. பக்கத்து மரத்தின் உச்சி வரைக்கும் வெளிச்சம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசலில் நின்று பார்த்துவிட்டு, "மரம் நல்லா தெரியுது" என்றார்.

நாளைக்குப் பயமில்லாமல் போகலாம்.

அக்டோபர் 11, சனி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

கிளம்பிய ஐந்தாவது நிமிடத்திலிருந்தே எதிரில் வந்தவர்கள் பிரைட் அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் இருக்கிறேன் என்று காட்ட நானும் ஒரு தடவை பிரைட் அடித்தேன். பெயர்ப்பலகை எல்லாம் பளபளவென்று தெரிந்தது, மரம் தெரிந்தது, வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பகல் மாதிரி இருந்தது. அதைத் தாண்டி ஒன்றுமே தெரியவில்லை. பழைய லைட்டில் தெரிந்த தூரம்கூட இல்லை. அப்புறம் மழை பிடித்தது. மேலே போன வெளிச்சம் எல்லாம் மழையில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வந்தது. வெள்ளைத் திரை கட்டிய மாதிரி.

வளைவில் ஒரு பைக் வந்தது. ஓட்டியவர் ஒரு கையைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். அடுத்த நொடி தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிட்டார். விழவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். மணி நாலே கால், அப்பாவுக்கு ஐந்து மணிக்குப் படுக்கை, நிறுத்தவில்லை.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. இறங்கும்போது சொன்னார்: "நான் முப்பத்தாறு வருசம் ராத்திரி வண்டி ஓட்டினவன். ஒருத்தன் கண்ணையும் நான் அவிச்சதில்ல தம்பி."

அக்டோபர் 12, ஞாயிறு

பழைய பல்பைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று தெரியாமல் விட மனமில்லை. இரண்டு பல்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பழைய பல்பு எச்4 என்ற வகை ஹாலஜன். அதற்குள் இரண்டு இழை இருக்கிறது. டிம்முக்கான இழைக்குக் கீழே சின்ன உலோகக் குழிக் கிண்ணம் ஒன்று. இழையின் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் அது மறைக்கிறது. அதனால் பல்புக்குப் பின்னால் இருக்கும் பளபளப்பான குழியின், ரிஃப்ளெக்டரின், மேல்பாதியில் மட்டும் பட்டு, வெளிச்சம் தரையைப் பார்த்து இறங்குகிறது. சுவரில் தெரியும் அந்தக் கோடு, மேலே இருட்டு கீழே வெளிச்சம், அது வருவது இந்தக் கிண்ணத்தால்தான். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் தூரத்தில் கணக்கு மாறிவிடும். நான் வாங்கிய எல்ஈடியில் சில்லுகள் ஒரு தடித்த பட்டையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கின்றன. இழை இருக்க வேண்டிய இடத்தில் அங்கே பட்டைதான் இருக்கிறது. வெளிச்சம் அதிகம், சரி. அது எங்கே போக வேண்டும் என்று ரிஃப்ளெக்டருக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இப்போது விளங்குகிறது. வண்டிக்கு மிக அருகில் அதிக வெளிச்சம் விழுந்தால் கண் அதற்குப் பழகிவிடும். தூரத்தில் இருப்பது இன்னும் இருட்டாகத் தெரியும். பகல் மாதிரி இருந்த அந்தப் பத்து மீட்டர்தான் அதற்கு அப்பால் இருந்ததை எனக்கு மறைத்தது.

அந்த பைக்காரர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார் இல்லையா?

அக்டோபர் 14, செவ்வாய்

பழைய லைட். நாற்பதில் போனேன். மூன்றே காலுக்கே கிளம்ப வேண்டியிருந்தது. கையில் அதிர்வு நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

மல்டிமீட்டர் கடன் வாங்கி வந்தேன். இன்ஜின் ஓடும்போது, டிம் போட்ட நிலையில், பேட்டரியில் 13.9 வோல்ட். பல்பு சாக்கெட்டில் 11.7.

மூன்று தடவை அளந்தேன். அதே 11.7.

ஹாலஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் அதைவிட வேகமாக விழும், ஏறக்குறைய மூன்றரை அடுக்குக் (power) கணக்கில். எச்4 டிம் இழைக்கு 13.2 வோல்ட்டில் 1000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்பது தரம். 11.7-இல் அது அறுநூற்று அறுபது போலத்தான் வரும். மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. பல்பு மேல் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு விளக்கின் கரண்டும் சேர்ந்து, எட்டு ஒன்பது ஆம்பியர், ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சுக்குப் போய், மெல்லிய வயரில் சுற்றித் திரும்புகிறது.

பாசிடிவ் பக்கம் 0.6 வோல்ட் இழப்பு, நெகடிவ் பக்கம் 1.6. நெகடிவ் பக்கம் ஏன் இவ்வளவு? எர்த் துருப்பிடித்திருக்கும் போல.

அக்டோபர் 16, வியாழன்

மெஷின் இரண்டு தடவை கத்தியது. அப்பா கையை மடக்கிப் படுத்துவிட்டார், குழாயில் ஓட்டம் குறைந்துவிட்டது. வயர் கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போது சொன்னார்: "எனக்கு ஓட்டம் குறைஞ்சா கத்துறதுக்கு ஒரு மெஷின் இருக்கு. உன் லைட்டு பாவம், கத்தத் தெரியாம மங்கிக்கிட்டே இருந்திருக்கு."

எடை 3.1.

அக்டோபர் 17, வெள்ளி

இன்று முழுவதும் வயரிங். லோடு எதுவும் எடுக்கவில்லை.

இரண்டு ரிலே, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்தான் ரிலே. பேட்டரியிலிருந்து நேராக ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு, 87-இலிருந்து விளக்குக்கு, இரண்டரை ஸ்கொயர் எம்எம் வயர். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பழைய கனெக்டரில் வரும் கரண்ட் இனி ரிலேயின் சுருளைத் தட்டி எழுப்பினால் போதும், 85-உம் 86-உம் அந்தச் சுருளின் கால்கள். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். சுவிட்சுக்கு நிம்மதி.

மாட்டி முடித்துப் போட்டால் ரிலே அசையவே இல்லை. இரண்டு மணி நேரம் போனது. ரிலே கெட்டதா, ஃபியூஸா, எர்த்தா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கடைசியில் புதன்கிழமை எழுதிய அந்த 1.6 நினைவுக்கு வந்தது. என் வண்டியில் சுவிட்ச் இருப்பதே நெகடிவ் பக்கத்தில். பொது வயரில் எப்போதும் பாசிடிவ் நிற்கிறது, சுவிட்ச் போட்டால் மறுமுனை எர்த் ஆகிறது. நான் சுருளின் ஒரு காலை பாடியில் எர்த் செய்திருந்தேன். இரண்டு பக்கமும் எர்த், எப்படி அசையும்? அந்தக் காலைப் பாடியிலிருந்து எடுத்துப் பழைய கனெக்டரின் பொது வயரில் சேர்த்தேன். டக். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றே அணைத்துப் போட்டேன்.

சாக்கெட்டில் இப்போது 13.6.

அதே பல்பு. புதிதாக ஒன்றும் வாங்கி மாட்டவில்லை. வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல். இந்த வோல்ட்டில் பல்பின் ஆயுள் கொஞ்சம் குறையும், குறையட்டும். ஒரு ஜோடி கையிருப்பில் வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 18, சனி

பள்ளம் தெரிந்தது! அதே பள்ளம். சுற்றிப் போனேன். அப்பா தூங்கிக்கொண்டே வந்தார்.

அக்டோபர் 20, திங்கள்

எல்ஈடி சொன்ன அதே ஆள், நூறு வாட் பல்பு போடச் சொல்கிறார். ரிலே போட்டாச்சே, வயர் தாங்கும் என்கிறார். வயர் தாங்கும். சாக்கெட் பிளாஸ்டிக் உருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும். பல நாடுகளில் ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு அதை அனுமதிப்பதும் இல்லை. இரண்டு மடங்கு தூரம் பார்க்க நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். அந்தத் துரத்தலுக்கு முடிவே கிடையாது. எதிரில் வருகிறவர் என்ன செய்வார்?

அக்டோபர் 21, செவ்வாய்

அதிர்வு குறைவாக இருக்கிறதா, என் விரல்தான் மரத்துவிட்டதா என்று தெரியவில்லை. நர்ஸ் காது வைத்துக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். ஆனாலும் வரும் வழி முழுக்கச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் தொட்டுப் பார்த்தேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

அக்டோபர் 22, புதன்

தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து முன்விளக்கின் கண்ணாடியைத் தேய்த்தேன்.

பழுப்பேறியது வெளிப்பக்கம்தான். பாலிகார்பனேட்டின் மேல் இருக்கும் பூச்சு வெயிலில் செத்து, உரிந்து, கலங்கிவிடுகிறது. சுற்றிலும் டேப் ஒட்டி, 800 வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து, 1000, 2000, 3000 என்று தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். 800-இல் மஞ்சள் பால் மாதிரி வழிந்தது. இந்தக் கட்டத்தில் கண்ணாடி முழுக்க வெண்மையாகி, கெடுத்துவிட்டோம் என்று வயிற்றைக் கலக்கும். விடாமல் தேய்த்தால் 3000-இல் மெல்லத் தெளியும். அப்புறம் பாலிஷ். அதோடு நிறுத்தினால் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாகும், புற ஊதாவைத் தடுக்கும் தெளிபூச்சு மேலே கண்டிப்பாக வேண்டும். வெயில் வந்த பிறகு அதையும் அடித்தேன்.

இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு தடவைகூட அந்தக் கையை நினைக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

நன்றாக இருக்கிறது. கையும்.

அக்டோபர் 25, சனி

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் அளந்தேன். டயர் காற்று சரிபார்த்து, என் எடைக்கு ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். விளக்கின் மையம் தரையிலிருந்து 85 சென்டிமீட்டர். சுவரில் 75-இல் டேப் ஒட்டினேன். பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கம், நூற்றுக்கு ஒன்று. வலது விளக்கு இவ்வளவு நாளும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது, இடது தன் மூக்குக்குக் கீழே. திருகைத் திருப்பி இரண்டையும் கோட்டில் நிறுத்தினேன். சாலை ஓரத்துப் பக்கம் மட்டும் கோடு 15 டிகிரி மேலேறுகிறது. நடந்து போகிறவர்களைக் காட்டுவதற்கு அது. அதைக் கோணல் என்று நினைத்துச் சரிசெய்யக் கூடாது.

பிறகு பின்னால் 600 கிலோ ஏற்றிப் பார்த்தேன். பின்பக்கத்து லீஃப் ஸ்பிரிங் அமுங்கி மூக்கு தூக்கிக்கொண்டது. கோடு 91. விளக்கின் மையத்துக்கும் மேலே! லோடோடு மாலையில் திரும்பிய நாட்களில் எதிரில் வந்தவர்கள் எதற்காகப் பிரைட் அடித்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சக்கரம் இருக்கிறதே, அது இதற்குத்தான். 2-இல் வைத்தால் 76. இத்தனை வருடம் அதைத் தொட்டதே இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

இரவு சாப்பிட்ட பிறகு அப்பா நாற்காலியை எடு என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. வண்டிக்கு முன்னால் இருபத்தைந்து மீட்டரில், எதிர்வண்டி வரும் பக்கம் போடச் சொன்னார். அந்தத் தூரம் நடக்க நாலு தடவை நின்றார். உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "போடு" என்றார்.

டிம் போட்டேன். நான் இருக்கையிலிருந்து பார்த்தேன், அவருடைய செருப்பு, வேட்டி மடிப்பு, முழங்கால் எல்லாம் தெளிவாக இருந்தது. அதற்கு மேல் இருட்டு. முகம் தெரியவில்லை. என்ன செய்கிறார் என்று தெரியாமல் எனக்குப் பதற்றமாகிவிட்டது. ஜன்னல் வழியாகக் கத்தினேன்: "அப்பா, கண்ணு கூசுதா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"வெளிச்சம் முட்டியோட நின்னுடுது. நல்லா ஓட்டலாம்."

அணைத்துவிட்டு ஓடினேன். கையைப் பிடித்து எழுப்பினேன். இடது கை. அதிர்ந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. ஐம்பத்தைந்தில் போனேன். யாரும் பிரைட் அடிக்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

எடை 2.2. இரண்டு ஊசியும் முதல் தடவையிலேயே ஏறின. இடது விளக்குக்குள் லேசாக ஆவி படிந்திருக்கிறது, பின்பக்க ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை என்று நினைக்கிறேன். சனிக்கிழமைக்குள் பார்த்துவிட வேண்டும்.