தாழ்ப்பாள் போடாத கேட்

ஜாக்கெட்டுக்கு லைனிங் வைத்துத் தைப்பவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் தையல் போட்டபின் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே துணிபோல இருக்கும். நடுவில் விரலை நுழைத்தால் மேல்துணி தனியாகவும் லைனிங் தனியாகவும் நழுவும். 2024 ஐப்பசியில் ஒரு நாள் காலை, கால்நடை மருத்துவர் ஜிம்மியின் முதுகில் முடியை எடுத்துவிட்டு ஒரு மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டுக் காட்டியபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. வெளியே பயறு அளவில் இரண்டு ஓட்டை. முடியை எடுத்தபின் பார்த்தால் நான்கு. இடுக்கி ஒரு விரல் நீளத்துக்கு உள்ளே போனது. தோல் வேறு, சதை வேறு என்று கழன்றிருந்தது.

"வெளிய ரெண்டு பல்லுதான் பட்டிருக்குன்னு மஞ்சளை வெச்சுட்டு விட்டுடுவாங்கம்மா. மூணாவது நாள் சீழ் கட்டினப்புறம் தூக்கிட்டு வருவாங்க" என்றார் டாக்டர். பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வி உதறும்போது இப்படித்தான் ஆகுமாம். பல் ஒரே இடத்தில்தான் இறங்கும். ஆனால் உதறுகிற உதறலில் உள்ளே கிழிந்துவிடும்.

ஜிம்மிக்கு ஆறு வயது, எட்டு கிலோ. பொமரேனியன் என்று சொல்லி நம் ஊரில் விற்கிற வெள்ளை ஸ்பிட்ஸ். நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டு முன்கட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்கு, காலை ஐந்தரை மணிக்கு ஜிம்மியோடு நடக்கிற அந்த முக்கால் மணி நேரம்தான் கால் நீட்டுகிற நேரம். ராஜகோபுரத்தைத் தாண்டி அம்மா மண்டபம் சாலையில் படித்துறை வரை போய்த் திரும்புவோம். நான்கு வருடமாக ஒரு நாய்கூட எங்களைத் தொட்டதில்லை. குரைத்திருக்கின்றன, பின்னால் நாலடி வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கடித்தது தெரு நாய் அல்ல. எங்கள் சந்துக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு வீட்டில் வளர்கிற ஜெர்மன் ஷெப்பர்ட். பால்காரருக்காகக் கேட்டைத் திறந்தவர்கள் தாழ்ப்பாள் போடவில்லை. ஒரு குரைப்பு இல்லை, உறுமல் இல்லை. ஜிம்மியின் கத்தல் கேட்டுத்தான் திரும்பினேன். அதற்குள் முதுகு அதன் வாயில் இருந்தது.

நான் செய்த முதல் காரியம் கயிற்றைப் பிடித்து இழுத்தது. இரண்டாவது, கையை நடுவில் விட்டது. இரண்டும் தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் யாருக்கும் கை நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். கவ்விக்கொண்டிருக்கும்போது நாம் இழுத்தால், அது கிழிக்கிற வேலையில் பாதியை நாமே செய்து கொடுத்ததாகிவிடும். என் வலது கட்டைவிரலில் ஒரு பல் இறங்கியது.

காப்பாற்றியது அந்த வீட்டுக்கு எதிர்வீட்டு மாமி. வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அதன் மூஞ்சியில் வீசினார். மூக்கில் தண்ணீர் ஏறியதும் வாய் திறந்தது. "விட்டுடுத்து, விட்டுடுத்து! தூக்கிக்கோ, சீக்கிரம் உள்ள வா" என்று என்னை இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

மாமி வீட்டுக் கிணற்றடியிலேயே விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்க்காவிட்டால் இரண்டு நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும், அதனால் பார்த்துக்கொண்டே கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனேன். கடிவாயைச் சுற்றி ஒரு ஊசி, அப்புறம் இரண்டு தோளிலும் தோலுக்கடியில் சின்னச் சின்னதாகத் தடுப்பூசி. முதல் நாள் போட்டதற்குப் பின் 3, 7, 28 என்று நாள் கணக்கு. காசு கிடையாது. கடித்தது வீட்டு நாய்தானே, அதற்கு ஊசி போட்டிருப்பார்களே என்று சிலர் சொன்னார்கள். அந்த வீட்டில் ஊசி போட்ட அட்டையைக் கேட்டேன், இன்றுவரை யாரும் காட்டவில்லை. ரேபிஸ் என்பது அறிகுறி தெரிந்துவிட்டால் ஏறக்குறைய பிழைக்க வைக்கவே முடியாத நோய். இதில் அடுத்தவர் வாய்வார்த்தையை நம்பக் கூடாது. ஜிம்மிக்கு வருடா வருடம் போட்டிருந்தும் கடிபட்ட உடனே இன்னொன்று போட்டார்கள்.

ஜிம்மியின் காயத்தைத் தைக்கவில்லை. தைக்கிறவளான எனக்கு அது முதலில் புரியவில்லை. கடிவாயை மூடித் தைத்தால் உள்ளே போன கிருமி அங்கேயே தங்கிவிடும் என்று சொல்லி, உப்புநீரால் பீச்சிக் கழுவி, ஒரு ரப்பர்க் குழாயை வைத்து நீர் வடியவிட்டார் டாக்டர். பத்து நாள் மாத்திரை. ஈ உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. என்னிடமிருந்த பழைய மெல்லிய பருத்தித் துணியில் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டேன்.

அந்த வீட்டுக்காரர் மறுநாள் வந்தார். "எங்க நாய் ஒண்ணும் பண்ணாதும்மா. விளையாடத்தான் வந்திருக்கும், உங்க நாய் கத்தினதுல பயந்திருக்கும்" என்றார். எனக்கு இந்த வார்த்தைமேல் இன்னும் கோபம் ஆறவில்லை. உங்கள் நாய் உங்களை ஒன்றும் பண்ணாது. உங்கள் குழந்தையை ஒன்றும் பண்ணாது. அது உங்களுக்கு அந்த நாயைப் பற்றித் தெரிந்தது. தெருவில் போகிற எட்டு கிலோ நாயை அது என்ன செய்யும் என்பது, அது தெருவுக்கு வரும்வரை உங்களுக்கும் தெரியாது.

மூன்று வாரம் ஜிம்மி வாசற்படி தாண்டவில்லை. அந்த நாட்களில் நான் தனியாக நடந்தேன். ஒரு அளவு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். எந்தச் சந்தில் எந்த நாய், எத்தனை மணிக்கு எங்கே படுக்கும், எது வரை வரும், எந்த வீட்டுக் கேட் எப்போது திறக்கும் என்று குறித்துக்கொண்டே போனேன். ஒரு வாரத்தில் தெரு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. தெரு நாய்களுக்கு எல்லை உண்டு. டீக்கடைச் செவலை, மின்கம்பத்தைத் தாண்டி ஓரடி வைக்காது. பூக்கடை அருகே இருக்கிற கறுப்பு, மண்டபத்து நாய்கள் பக்கம் போகவே போகாது. நாம் அந்த எல்லைக்குள் இன்னொரு நாயோடு நுழைகிறோம். அவை குரைப்பது "கடந்து போ" என்பதற்காக. கடந்து போனால் முடிந்தது. காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் அதற்குக் கருத்தடை ஆகியிருக்கிறது என்று அர்த்தம். என் நோட்டில் அப்படி ஐந்து இருந்தன, ஐந்துமே பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பவை. செவலைக்கு மட்டும் தினம் டீக்கடையில் ஒரு பொறை வாங்கிப் போடுவேன். ஜிம்மி இல்லாமல் தனியாகப் போகும்போதுதான் போடுவேன். கூட இருக்கும்போது போட்டால் தீனிக்கே சண்டை வரும்.

குரைக்கிற நாயைவிட, குரைக்காமல் வருகிற நாயைத்தான் கவனிக்க வேண்டும். தலை தாழ்ந்து, கழுத்து விறைத்து, வால் அசையாமல் நம் நாயையே வெறித்துக்கொண்டு நேர்க்கோட்டில் வந்தால் அது சரியில்லை. முகர்ந்து பார்க்க வருகிற நாய் வளைந்து, பக்கவாட்டில்தான் வரும்.

அந்த நடையில் இன்னொன்றும் பிடிபட்டது. தெரு நாய் விரட்டினால் குனிந்து கல்லெடுப்பதுபோல் பாவனை செய்தாலே போதும், பெரும்பாலும் ஓடிவிடும். இது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வீட்டிலேயே வளர்ந்த நாய் வாழ்நாளில் கல்லடி பட்டதில்லை. நாம் குனிவதற்கு என்ன அர்த்தம் என்றே அதற்குத் தெரியாது. இன்னும் சொல்லப்போனால், குனிந்தால் நம் முகம் அதற்கு நேராக வந்துவிடும். தெரு நாய்க்குச் செய்கிற வித்தையை வீட்டு நாயிடம் செய்யாதீர்கள்.

அதற்கு இப்போது நான் கையில் வைத்திருப்பது ஒரு குடை. பட்டனை அழுத்தினால் பட்டென்று விரிகிற வகை. நாய் பத்தடியில் இருக்கும்போதே அதன் பக்கமாக விரித்துப் பிடித்தால் திடீரென்று ஒரு கறுப்புச் சுவர் முளைத்த மாதிரி நின்றுவிடும். வீட்டில் நாலைந்து நாள் ஜிம்மிக்கு முன்னால் விரித்து விரித்து மூடி அதற்குப் பழக்கிவிட்டேன். இல்லாவிட்டால் முதலில் பயந்து ஓடுவது நம் நாயாக இருக்கும். இழுக்க இழுக்க நீள்கிற அந்தச் சுருள் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாலடி நாடாவுக்கு மாறினேன். அன்றைக்கு ஜிம்மி என்னிடமிருந்து பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. நாலடியில் இருந்திருந்தால் கதை வேறு.

அப்புறம் நடைக்கென்று ஒரு கனமான சட்டை. பழைய ஜீன்ஸ் பேன்ட்டை வெட்டி மூன்று மடிப்பாக வைத்து, கழுத்து முதல் இடுப்பு வரை முதுகையும் பக்கத்தையும் மூடுகிற மாதிரி தைத்தேன். 18-ஆம் நம்பர் ஊசி போடாவிட்டால் அந்தக் கனத்தில் ஊசி உடைந்துவிடும். வயிற்றுப் பக்கம் ஸ்கூல் பையில் வருகிற பிளாஸ்டிக் கிளிப் இரண்டு. முதுகின் நடுவில் நைலான் நாடாவில் ஒரு கைப்பிடி, குறுக்கும் நெடுக்குமாக நாலு முறை அடித்தது. அந்த நாடாவே நெஞ்சுக்கும் அடிவயிற்றுக்கும் கீழே சுற்றி வரும். தூக்கினால் எடை முழுக்க நெஞ்சில் நிற்கும், கழுத்தில் இறுகாது. வெறும் காலரைப் பிடித்து ஒரு நாயைத் தூக்கக் கூடாது. பல் முழுசாக இறங்காமல் இருக்க மூன்று மடிப்பு உதவும். ஆனால் எனக்கு முக்கியம் அந்தக் கைப்பிடிதான். ஒரு கையால் ஒரே நொடியில் ஜிம்மி தரையைவிட்டு மேலே வந்துவிடும். வெயில் ஏறியபின் இதைப் போடாதீர்கள், நாய்க்குச் சூடு தாங்காது. காலை நடைக்கு மட்டும்.

தூக்கி எங்கே வைப்பது? மார்போடு அணைத்துக்கொண்டு நின்றால் பெரிய நாய் நம்மேல் தாவும். எங்கள் ஊரில் இன்னும் சில வீடுகளில் திண்ணை இருக்கிறது. எந்தத் திண்ணைக்குக் கம்பி போட்டுவிட்டார்கள், எது திறந்திருக்கிறது என்று என் நோட்டில் உண்டு. ஜிம்மியைத் திண்ணை மூலையில் வைத்துவிட்டு, முன்னால் குடையை விரித்துக்கொண்டு நான் நிற்பேன். திண்ணை இல்லாத தெருவில் நிறுத்தியிருக்கிற காரின் பானட். யாராவது திட்டினால் திட்டட்டும், பிறகு துடைத்துக் கொடுத்துக்கொள்ளலாம். இதுவரை இரண்டு முறை வேண்டியிருந்தது. ஓடவே கூடாது. நாம் ஓடினால் துரத்துகிற நாய் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பெண் நாயின் பின்னால் ஏழெட்டு ஆண் நாய்கள் கூட்டமாகப் போகும். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் நான் வந்த வழியே திரும்பிவிடுவேன். தனித்தனியாகச் சாதுவாக இருக்கிற நாய்கூட அந்தக் கூட்டத்தில் வேறு நாய். மார்கழி, தை வந்தால் குட்டி போட்ட தாய் எந்தப் படிக்கட்டின் அடியில் இருக்கிறது என்று பார்த்து அந்தச் சந்துப் பக்கமே போவதில்லை. ஸ்ரீரங்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ராத்திரி முழுக்கக் கூட்டம். வழக்கமாகப் படுக்கிற இடம் போன நாய்கள் சந்துகளுக்குள் இடம் மாறிவிடும். என் நோட்டுக் கணக்கு அந்த இருபது நாளுக்குச் செல்லாது. மொட்டை மாடியில் நடக்க வைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் மீறிக் கவ்விவிட்டால், டாக்டர் சொன்னது இது. உங்கள் நாயை இழுக்காமல் அசையாமல் பிடியுங்கள். அடிக்காதீர்கள், அடித்தால் பிடி இன்னும் இறுகும். மூஞ்சியில் தண்ணீர், இல்லையென்றால் கண்ணை மூடுகிற மாதிரி ஒரு துணியோ சாக்கோ. வாய் திறந்ததும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ரத்தம் வரவில்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெரு நாய்களைப் பற்றி உத்தரவு போட்டதிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தெரு நாயைப் பற்றியே பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். தெரு நாய் கடித்துச் செத்த குழந்தைகள் இருக்கிறார்கள். ஆனால் வளர்க்கிற நாயை அவிழ்த்துவிடுகிறவர்களைப் பற்றியும் அதே அளவு பேச வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில், வளர்ப்பு மிருகத்தால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. நான் போலீசுக்குப் போகவில்லை. மாமியும் நானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போனோம். விரல் கட்டோடு போனேன். சத்தம் போடவில்லை, "கேட்டுக்கு ஒரு ஸ்பிரிங் மாட்டுங்க, தானா சாத்திக்கும்" என்று மட்டும் சொன்னேன். பத்து நாள் கழித்து மாட்டினார்கள். உள்ளே இன்னொரு கம்பிக் கதவும் போட்டிருக்கிறார்கள்.

இப்போதும் அந்த வீட்டைத் தாண்டும்போது ஜிம்மி என் இடது காலோடு ஒட்டிக்கொள்ளும். நான் நாடாவை இறுக்குவதில்லை. இறுக்கினால் என் பயம் அதற்குத் தெரிந்துவிடுகிறது. கம்பிக்குப் பின்னால் ஷெப்பர்ட் எழுந்து நிற்கும். ஸ்பிரிங் கேட் மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன், அப்புறம்தான் நடக்கிறேன். மாமி வாசலில் கோலம் முடிந்தபிறகும் ஒரு வாளித் தண்ணீர் நிரம்பியே இருக்கும். நாங்கள் படித்துறையிலிருந்து திரும்பி வந்தபின்தான் அதைச் செடிக்கு ஊற்றுவார்.