கழுகுமலையும் கடலை மிட்டாயும் பத்தமடைப் பாயும்

குடைவரை பார்ப்பதென்றால் அஜந்தாவின் பௌத்தக் குகைகளைத் தேடி மராட்டியம் வரை செல்லும் நம் ஊர்க்காரர்கள் பலர், கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள கழுகுமலைக்குப் போனால் மட்டும் அடிவாரத்து முருகனைக் கும்பிட்டதோடு திரும்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுமுன் மலைமேல் போனால் பாறைச் சரிவில் சமணத் தீர்த்தங்கரர்களின் நீண்ட வரிசையையும், 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலையும் ஒருசேரக் காணலாம்.

வெட்டுவான் கோயிலைத் தென்னகத்து எல்லோரா என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. எல்லோராவின் கைலாசநாதர் கோயில் முழுமை பெற்றது. இது பாதியில் நின்றது. நின்றுபோனதாலேயே வேலை நடந்த முறையை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. மலைச் சரிவை அகழ்ந்து நடுவில் விட்ட ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருப்பதால், சாரம் கட்டும் தேவை இருந்திருக்காது. சிகரமும் பூதகணங்களும் நுணுக்கமாக முடிந்திருக்க, அடிப்பகுதி கரட்டுப் பாறையாகவே கிடக்கிறது. தென்புறத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சமணச் சிற்பங்களில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது சமணரின் காவல் தெய்வமான அம்பிகை இயக்கியின் சிற்பம். அவள் பக்கத்தில் சிங்கம் நிற்க, அதைக் கண்டு மிரண்ட ஆடவன் ஒருவன் கையை உயர்த்தியபடி பின்வாங்குகிறான். அந்தப் பதற்றத்தைக் கருங்கல்லில் கொண்டுவந்த சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் படிமங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் கீழே வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்தில் இருக்கின்றன. குரத்தியார் எனப்பட்ட பெண் துறவியரும் அவர்களில் உண்டு என்பதை அங்கு வருவோருக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோவில்பட்டிக்குத் திரும்பியதும் கடலை மிட்டாய் வாங்காமல் யாரும் வண்டி ஏறுவதில்லை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டத்தின் சூட்சுமம் பாகில் இருக்கிறது: கொதிக்கும் வெல்லப் பாகைத் துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, அது படக்கென்று முறியும் பதம் வந்த பிறகே வறுத்துத் தோல் நீக்கிய கரிசல் காட்டுக் கடலையை அதில் கொட்டிக் கிளறுகிறார்கள். பதம் தப்பினால் பல்லில் ஒட்டும்.

பத்தமடைக்குக் கோவில்பட்டியிலிருந்து தெற்கே போக வேண்டும். திருநெல்வேலியைக் கடந்து அம்பாசமுத்திரம் சாலையில் செல்ல வேண்டும். தாமிரபரணிக் கரைக் கோரையை உலர்த்தி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, நார் நாராகப் பிளந்து நெய்த பாய், துணியைப் போல மடிகிறது. கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரையும் நெய்து தருவார்கள். கடைகளில் தொங்குபவற்றில் முரட்டு ரகமே அதிகம். நயமான பாய் வேண்டுமென்றால் முகூர்த்தத்துக்கு வெகுநாள் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும்.