உப்புப் பூத்த சுவரும் புதுப் பெயின்றும்

கொழும்பை அடுத்த தெஹிவளை, கல்கிசைப் பக்கத்துப் பழைய வீடுகளில் தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரத்துக்குப் பெயின்ற் பொருமி, வெள்ளைத் தூளாக உதிரும். பெயின்றைத் திட்டிப் பயனில்லை. அடியிலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கூட்டிவருகிறது. சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை அதில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒருநாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் பெயின்ற் வாளியைத் திறக்கவே வேண்டாம்.

உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். சுண்ணாம்புச் சாந்துச் சுவரைச் சீமெந்தால் மூடுவது வீண்செலவு: ஈரம் அதற்கும் மேலே ஏறி, நன்றாயிருந்த இடத்தில் பொருமும். சுண்ணாம்புச் சாந்தாலேயே ஒட்டுப் போடுங்கள்.

வெளிச்சுவருக்குப் பெயின்ற் அடிக்க ஜனவரி முதல் மார்ச் வரை தோது. அப்போதும் விடியற்காலையில் பெயின்ற் அடிக்கும் பாஸை (வேலைக்காரரை) தொடங்க விடாதீர்கள், இராப்பனி காய்ந்திராது.